நம் சங்கமும் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டமும்

(பெங்களூருக் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாமா, சட்ட சம்பந்தமா ஏதாவது பேசுங்கோ, உயில், வாரிசுச் சான்றிதழ் மாதிரி" என்றுதான் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். உயிலைப் பற்றி இதே மேடையில் மூன்று பேர் விஸ்தாரமாகப் பேசிவிட்டார்கள். இனி எழுதாதவர்கள் எழுதப் போவதில்லை. அடுத்த மாதம் நம் கிளையின் கோடை முகாம் ஆரம்பமாகிறது. சமஷ்டி உபநயனத்துக்கும் பெயர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து நாள், இரண்டு வாரம் என்று பிறர் வீட்டுக் குழந்தைகள் நம் பொறுப்பில் இருக்கப் போகிறார்கள். அந்தப் பொறுப்பைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பேசலாம் என்று நானே தலைப்பை மாற்றிக்கொண்டேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நான் வக்கீல் அல்ல. பி.எஸ்ஸி. இரசாயனம் படித்துவிட்டு, மத்திய அரசின் தணிக்கைத் துறையில் முப்பத்தாறு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். அதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த விதியைப் பார்த்தாலும் அதில் 'மே' என்று போட்டிருக்கிறதா, 'ஷல்' என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். 'மே' என்றால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். 'ஷல்' என்றால் செய்தே ஆகவேண்டும். அதிகாரியின் இஷ்டத்துக்கு அங்கே இடமில்லை. இன்று நான் சொல்லப்போகும் சட்டத்தில் முக்கியமான இடத்தில் இருப்பது 'ஷல்'.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2012-இல் பார்லிமெண்டில் நிறைவேறி, அதே வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமலுக்கு வந்தது. போக்ஸோ என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அதுதான். பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரும் இச்சட்டப்படி குழந்தைகள். ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. பதினேழு வயதில் காதலித்து வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகள் மீதும் இச்சட்டம் பாய்கிறதே என்று நீதிமன்றங்களிலேயே விவாதம் நடக்கிறது. அது வேறு விஷயம், அதற்குள் நான் போகவில்லை.

ஆண், பெண் வித்தியாசம் கிடையாது என்றேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் நலத்துறை 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு எழுதியது. ஏதோ ஒரு விதமான பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் ஆண் குழந்தைகள். தொந்தரவு கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். இந்த எண்களைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சமஷ்டி உபநயனத்துக்கு முதல் நாள் இரவுதான். இருபது முப்பது பையன்களைச் சத்திரத்து ஹாலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்க வைக்கிறோம். பெண் குழந்தைகள் என்றால் ஆயிரம் ஜாக்கிரதை பார்க்கும் நாம், "பசங்கதானே" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஹாலில் யார் யார் படுத்தார்கள் என்று மறுநாள் கேட்டால் சொல்ல ஒருவரும் இல்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். யாரோ தெரியாதவன் செய்யும் குற்றத்தைவிட, பொறுப்பில் இருப்பவர் செய்யும் குற்றத்தை இச்சட்டம் கடுமையாகப் பார்க்கிறது. பிரிவு 5, பிரிவு 9 இரண்டிலும் அதற்கான பட்டியல் இருக்கிறது. போலீஸ்காரர், அரசு ஊழியர், ஆஸ்பத்திரி ஊழியர் ஆகியோருடன் கல்வி நிறுவனம் அல்லது மத நிறுவனத்தின் நிர்வாகியும் ஊழியரும் அதில் உண்டு. குழந்தைகளுக்குச் சேவை செய்யும் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவரும், குழந்தையின் நம்பிக்கைக்கு உரிய ஸ்தானத்தில் இருப்பவரும் உண்டு. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இவற்றுள் மிகக் கொடிய குற்றத்துக்குக் குறைந்தபட்ச தண்டனையே இருபது வருஷம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம் சங்கத்தில் அப்படி யாரும் இல்லை" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் நான் பேச வந்தது குற்றம் செய்பவரைப் பற்றி அல்ல. குற்றம் செய்யாத நம்மைப் பற்றி, குறிப்பாக முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதவியாளர்களைப் பற்றி.

பிரிவு 19 சொல்வது இது. ஒரு குழந்தைக்கு எதிராக இச்சட்டத்தில் சொல்லிய குற்றம் நடந்திருக்கிறது என்று அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், அதைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் போலீஸுக்கோ தெரிவிக்க வேண்டும். இங்கேதான் 'ஷல்' வருகிறது. போலீஸ் அந்தத் தகவலுக்கு எண் கொடுத்து எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21 இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தகவலைப் பதிவு செய்யாத போலீஸுக்கும் இதே தண்டனை. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு நமக்கானது. ஒரு கம்பெனியின் அல்லது நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தம் கீழ் வேலை செய்பவர் இழைத்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஒரு வருஷம் வரை சிறையும் அபராதமும். நிறுவனம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அது எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் சரி என்று வேறு சேர்த்திருக்கிறார்கள். சங்கம், சபை, சமாஜம், டிரஸ்ட், மண்டலி என்று பெயரை மாற்றிக்கொண்டு தப்ப முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தக் கசப்பான விஷயம் வந்தாலும் முதலில் "கமிட்டியில் வைத்துப் பேசிக்கொள்ளலாம்" என்போம். உதாரணத்துக்கு ஒரு மாணவர் விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் ஒருவரைப் பற்றி ஒரு பையன் அழுதுகொண்டே ஏதோ சொல்கிறான். கமிட்டி என்ன செய்யும்? இரண்டு பெரியவர்கள் சமையல்காரரைக் கூப்பிட்டு அதட்டுவார்கள். அவர் காலில் விழுவார். கணக்கைத் தீர்த்து அன்று இரவே பஸ் ஏற்றிவிடுவார்கள். பையனின் அப்பாவிடம், "விஷயம் வெளியில போனா உங்காத்துக் குழந்தைக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லி அனுப்புவார்கள். நிமிடப் புத்தகத்தில் ஒரு வரியும் இருக்காது. எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். சமையல்காரர் அடுத்த மாதம் வேறொரு ஊரில் வேறொரு விடுதியில் கரண்டி பிடித்துக்கொண்டிருப்பார். கையாடல் செய்த குமாஸ்தாவை, "வேறு இடம் பார்த்துக்கொள்" என்று நற்சான்றிதழோடு அனுப்பிவைத்த அலுவலகங்களை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். அங்கே போனது பணம்.

சட்டப்படி அந்தக் கமிட்டியில் இருந்த, விஷயம் தெரிந்த அத்தனை பேரும் குற்றவாளிகள். முதலில் உள்விசாரணை, உண்மை என்று தெரிந்தால் போலீஸ் என்று வரிசை வைத்துக்கொள்ள பிரிவு 19 இடம் தரவில்லை. நிரூபிப்பது நம் வேலை அல்ல. தெரிவிப்பது மட்டுமே நம் வேலை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டத்தில் ராஜூரா என்று ஓர் ஊர். அங்கே ஒரு பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமை 2019-இல் வெளிவந்தது. விடுதிப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க நியமிக்கப்பட்டிருந்த டாக்டர் மீதும் வழக்குப் பதிவாயிற்று. அவர் குற்றம் செய்தார் என்பதல்ல குற்றச்சாட்டு. சிறுமிகள் மூலம் தெரிந்தும் தகவல் சொல்லவில்லை என்பதுதான். பம்பாய் ஹைகோர்ட்டின் நாகபுரிக் கிளை அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட் 2022 நவம்பர் 2-ஆம் தேதி அந்த ரத்து உத்தரவைத் தள்ளிவிட்டது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது சாதாரண விஷயமல்ல, பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியே என்ற கருத்தில் தீர்ப்பு அமைந்தது. அதற்கு முன்பே, 2013 ஏப்ரலில் வேறொரு வழக்கில், பள்ளி, விடுதி, இல்லம் என்று குழந்தைகள் இருக்கும் இடங்களின் பொறுப்பாளர்கள் விஷயத்தை ரகசியம் காத்து உடனே போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று அதே கோர்ட் சொல்லியிருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு 2014 ஜூலை மறந்திருக்காது. மாரத்தஹள்ளிப் பக்கம் விப்ஜியார் பள்ளியில் ஆறு வயதுச் சிறுமிக்கு நேர்ந்ததைக் கேட்டு ஆயிரக்கணக்கான பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் கமிஷனரே மாற்றப்பட்டார். பள்ளியின் தலைவரும் கைதானார். தகவல் தெரிவிக்கவில்லை, ஆதாரத்தை மறைத்தார் என்பது அவர் மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. அந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. முதலில் கைதானவர் ஒருவர். சில நாட்களில் விசாரணை வேறு இருவரை நோக்கித் திரும்பியது. தடய அறிவியலும் பயிற்சியும் கையில் உள்ள போலீஸுக்கே ஆரம்பத்தில் ஆள் சரியாகத் தெரியவில்லை. நம் கமிட்டியில் நான்கு பெரியவர்கள் காபி குடித்துக்கொண்டே, "அவர் பண்ணியிருக்க மாட்டார், எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்" என்று தீர்ப்புச் சொல்வதற்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? நிரபராதி ஒருவர் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் சரியான விசாரணைதான் வழி.

நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்று பிரிவு 19-லேயே இருக்கிறது. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவர்க்குப் பிரிவு 22-இல் தண்டனை உண்டு. ஆனால் குழந்தை சொன்னது தவறாகப் போனாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

அடுத்து, வேலைக்கு ஆள் எடுப்பது. 2020 மார்ச்சில் வந்த போக்ஸோ விதிகளில் மூன்றாவது விதியைப் பதவியாளர்கள் அவசியம் படிக்க வேண்டும். குழந்தைகள் தங்கும், அல்லது வழக்கமாக வந்துபோகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர்கள் ஒவ்வொருவரையும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும், அதையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்கிறது அது. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் என்று உதாரணங்களும் கொடுத்திருக்கிறது. கர்நாடகத்தில் இதற்குச் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பிற ஊர் அங்கத்தினர்கள் தங்கள் மாநில போலீஸின் தளத்தைப் பார்க்கவும். கர்நாடக அரசு தன் பங்குக்கு 2016-இலேயே குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

இந்த விஷயத்தைச் செயற்குழுவில் நான் பிரஸ்தாபித்தபோது ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். "வாத்யார் சாஸ்திரிகளைப் போய் போலீஸ் ஸ்டேஷன் சர்ட்டிபிகேட் வாங்கிண்டு வாங்கோன்னு சொல்றதா? அபசாரம் இல்லையா?" என்றார். எனக்கு அதில் அபசாரம் ஒன்றும் தெரியவில்லை. எழுபது வயதுக்கு மேல் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது என் வீட்டுக்கும்தான் கான்ஸ்டபிள் வந்தார். காபி கொடுத்து அனுப்பினோம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் அவமானமில்லை. சிலரை மட்டும் கேட்டால்தான் அவமானம். ஆகவே தலைவரிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசனை சொன்னேன். தலைவரும் சம்மதித்துவிட்டார்.

வேத பாடசாலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் அங்கத்தினர்கள் பலர் பாடசாலை டிரஸ்டுகளில் இருக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் முக்கியமாகச் சமயக் கல்வி தரும் நிறுவனங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு, பாடசாலைக்கு எந்தச் சட்டமும் கிடையாது என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. விலக்கு அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும். போக்ஸோவில் அப்படி விலக்கு எதுவும் இல்லை. மாறாக, மத நிறுவனம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அடி விஷயமும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதைத் தடை செய்கிறது. அது பாடசாலைக்கு நேரடியாக வராது. ஆனால் 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்புள்ள நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து வருஷம் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் அதில் உண்டு. "நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் அத்யயனம் பண்ணினோம்" என்பது கோர்ட்டில் எடுபடாது. எட்டு வயதில் வீட்டை விட்டு வந்து, தாயார் முகத்தை வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் பார்க்கும் குழந்தைகள் அவர்கள். வாரம் ஒரு நாளாவது, வாத்யார் பக்கத்தில் இல்லாமல், அம்மாவோடு தனியாகப் போனில் பேச அந்தக் குழந்தைக்கு வசதி வேண்டும். டிரஸ்டிகள் முதலில் இதைக் கவனியுங்கள். பெயிண்ட் அடிப்பதும் புது பீரோ வாங்குவதும் பிறகு.

வெளிநாட்டில் பிள்ளை, பெண்ணோடு சில மாதம் இருந்துவிட்டு வருபவர்கள் இங்கே பலர். மெல்போர்ன் போய் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: அங்கே குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கும் தொண்டு செய்பவர்களுக்கும் அரசு சரிபார்த்துக் கொடுக்கும் அட்டை ஒன்று பொதுவாக வேண்டும். அட்டை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் அட்டை மட்டும் போதாது என்று அந்த நாடு பிற்பாடு உணர்ந்தது. ஆஸ்திரேலிய அரசு 2013-இல் ஒரு ராயல் கமிஷன் அமைத்து, பள்ளி, தேவாலயம், அநாதை இல்லம், விளையாட்டு கிளப் என்று எல்லா நிறுவனங்களிலும் குழந்தைகளுக்கு நேர்ந்ததை விசாரித்தது. எட்டாயிரம் பேருக்கு மேல் கமிஷனர்களிடம் தனியே வந்து சொன்னார்கள். 2017 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கை 17 தொகுதிகள். அவர்கள் வாய் திறந்து சொல்லச் சராசரியாக எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய 24 வருஷம். நம் பக்கத்திலும் 2021 மே மாதம் சென்னையில் பார்த்தோம். ஒரு பிரபல பள்ளியின் பழைய மாணவிகள், படித்து முடித்துப் பல வருஷம் கழித்து, ஓர் ஆசிரியரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அதைத் தொடர்ந்து வேறு பள்ளிகளிலிருந்தும் குரல்கள் வந்தன. பள்ளி தோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்று தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது அதன் பிறகுதான்.

குழந்தை ஏன் அப்போதே சொல்வதில்லை? இதில் நம் வளர்ப்புக்கும் பங்கு இருக்கிறது என்பது என் அபிப்ராயம். பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்று பழக்குகிறோம். குழந்தை நெளிந்தாலும், "தாத்தா மடியில் உட்காரு, முத்தம் கொடு" என்று தள்ளுகிறோம். நமஸ்காரம் பண்ணச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அதற்குத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

பெண்ணைப் பெற்றவர்கள் மனதில் உள்ள கேள்வி எனக்குத் தெரியும். போலீஸ், கோர்ட் என்று போனால் பெயர் ஊரெல்லாம் அடிபடாதா? குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் பத்திரிகையும் டெலிவிஷனும் வெளியிடக்கூடாது. பிரிவு 23-இல் அதற்குத் தண்டனை உண்டு. வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வீட்டுக்கு வர வேண்டும், முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர், யூனிபாரம் இல்லாமல். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். விசாரணை மூடிய அறையில். வக்கீல் குழந்தையிடம் நேராகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்று பிரிவு 35 சொல்கிறது. அந்த 'இயன்றவரை'யில் பல வருஷங்கள் கரைகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் எழுதியது எல்லா ஸ்டேஷனிலும் அப்படியே நடக்கும் என்றும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். நடக்காவிட்டால் கேட்பதற்கு, கூடத் துணைக்குப் போவதற்கு, சங்கம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

இனி நம் கிளைக்குச் செயற்குழு ஒப்புக்கொண்டிருப்பவை. முகாமில் ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் மட்டும் மூடிய அறையில் இருப்பது கூடாது. தனியாகப் பாட்டு, வீணை சொல்லிக்கொடுத்தாலும் கதவு திறந்திருக்கும். இரவு தங்கினால் இரண்டு பொறுப்பாளர்கள் விழித்திருப்பார்கள், பெயர்கள் ரிஜிஸ்டரில் இருக்கும். குழந்தையைக் கூட்டிப்போக வருபவரின் கையெழுத்து வாங்குவோம். தொண்டர்கள் குழந்தைகளுக்குத் தனியாகப் போன் செய்வது, செய்தி அனுப்புவது கூடாது. பெற்றோர் உள்ள குழுவில் மட்டும் அனுப்பலாம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் இந்தப் பத்திரிகையிலும் குழந்தைகள் படம் வராது. மாதர் அணியிலிருந்து ஒருவரும் செயற்குழுவிலிருந்து ஒருவரும் புகார் கேட்கும் பொறுப்பில் இருப்பார்கள். அவர்கள் விசாரிக்க மாட்டார்கள். கேட்டதை அன்றே எழுதி, போலீஸுக்குத் தெரிவித்து, தலைவருக்குச் சொல்வார்கள். தலைவரைப் பற்றியே புகார் என்றால் தலைவருக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்திருக்கிறோம். தலைவர்தான் அதைச் சேர்க்கச் சொன்னார்.

குழந்தைகள் உதவி எண் 1098 எல்லா ஹால்களிலும், குழந்தைகள் கண்ணில் படும் உயரத்தில், தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டப்படும். சுவாமி படத்துக்கு மேலே ஒட்டினால் அவர்களுக்குத் தெரியாது.

தொண்டர் படிவங்கள் வாசல் மேஜையில் இருக்கின்றன. இரண்டு புகைப்படம், ஆதார் நகல் வேண்டும். முகாம் ஆரம்பிப்பதற்குப் பதினைந்து நாள் முன்பு கொடுத்துவிட்டால் சரிபார்ப்புக்கு நேரம் இருக்கும். மற்ற ஊர்க் கிளைகளுக்கு மாதிரிப் படிவம் வேண்டுமானால் செயலாளருக்கு எழுதினால் அனுப்புவார்.